போர்வெல் தண்ணில கடல் மீன் வளக்குறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

ஞாயித்துக்கிழமை பக்கத்துல கடல் மீன் தொட்டி போட்டோ போட்டு, வீட்டு ஹாலுக்கு அழகுன்னு எழுதியிருந்தீங்க. அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தப் போட்டோல இருந்த மேண்டரின் மீனைப் பாத்ததும் எனக்கு வயித்தெரிச்சலா போச்சு, ஏன்னா அதே மீனை ரெண்டு வருஷம் முன்னாடி காசு குடுத்து வாங்கிட்டு வந்து பட்டினி போட்டுக் கொன்னவன் நான்.

கடைக்காரர் என்ன போட்டாலும் திங்கும் சார்னு சொல்லித்தான் வித்தாரு. அது பாறைல ஊர்ற கோப்பிபாடுன்னு பொடிப்பூச்சியத்தான் நாள் முழுக்க கொத்தித் திங்குமாம், காயவச்ச தீனிய அனேகமா திரும்பிக்கூட பாக்காதாம், இதெல்லாம் வயிறு ஒட்டிப்போய் மூணாவது வாரம் அது செத்தப்புறம்தான் தெரிஞ்சுது.

அதுக்கு முன்னாடியே தண்ணில ஒரு கூத்து நடந்துச்சு. நம்ம தர்மபுரி தண்ணி சங்கதிதான் உங்களுக்கே தெரியுமே, ஃப்ளோரைடு ஜாஸ்தி. நானும் அதுக்குத்தான் பயந்தேன், அப்புறம் படிச்சா கடல் தண்ணிலயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்காம்! போர் தண்ணில தொட்டிக்குத் தொல்லை தர்றது வேற ரெண்டு, பாசிய வளக்குற நைட்ரேட்டும் சிலிகேட்டும். அதுல உப்பைக் கலந்தா கொஞ்ச நாள்ல கண்ணாடி பூரா பழுப்புப் பாசி. ஆர்ஓ தண்ணிதான் வேணும், லிட்டருக்கு 35 கிராம் கணக்குல கடல் மீனுக்குன்னே விக்கிற உப்பு (சமையல் உப்பு ஆகாதுங்க), தண்ணில உப்பு எவ்ளோன்னு அடர்த்திய வச்சுக் காட்டுற ஹைட்ரோமீட்டர்ல 1.025 காட்டணும்.

ஏப்ரல் மாசத்துல வீடே அடுப்பு மாதிரி கிடக்கு, சூடு 26 டிகிரிய தாண்டாம இருக்க மூடிய எடுத்துட்டு ஃபேன் வச்சேன், தண்ணி மளமளன்னு வத்துச்சு, நான் புத்திசாலித்தனமா உப்புத்தண்ணியவே ஊத்தி ஊத்தி நிரப்பினேன். ஆவியாப் போறது தண்ணி மட்டும்தானே, உப்பு அப்படியே உள்ளதான கிடக்கும்? 1.030க்கு ஏறிடுச்சு. வத்துனா வெறும் ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும். இதைச் சொல்லித்தர இங்க ஒருத்தரும் இல்லை, கடலுக்கும் நமக்கும் அவ்ளோ தூரம்.

தொட்டி வச்ச அன்னிக்கே மீன் விடுறதும் தப்பு. மீன் கழிவுல வர்ற, மீனுக்கே விஷமான அம்மோனியாவத் திங்கிற பாக்டீரியா பாறைல புடிக்க நாலஞ்சு வாரம் ஆகும், அதுவரைக்கும் வெறும் தண்ணியத்தான் பாத்துட்டு உக்காரணும். வீட்ல கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும்.

இன்னொன்னு, அபூர்வ மீன் வேணும்னு கடல் குதிரை கேக்குறவங்க நம்ம ஊர்லயும் இருக்காங்க. 2001லயே அதை வனவிலங்கு பாதுகாப்பு சட்டப் பட்டியல்ல சேத்தாச்சு, வச்சிருந்தா கேஸ்தான்.

இப்ப என்கிட்ட இருக்கிறது ரெண்டே ரெண்டு க்ளவுன் மீன், கடல்ல புடிச்சதில்ல, பண்ணைல பொரிச்சது. மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி மையத்துலயே இதைக் குஞ்சு பொரிக்க வச்சு வளத்திருக்காங்க. குருணைத் தீனி போட்டா ஓடி வருதுங்க, கரண்ட் போனா மட்டும் பேட்டரி ஏர் பம்ப்பைத் தேடி நான் ஓடணும். ரெண்டுல பெருசா இருக்கிறதுதான் பெண் மீன்னு சொன்னா என் பொண்ணு நம்பவே மாட்டேங்குறா.

மறுபடி மேண்டரின் போட்டோ போட்டீங்கன்னா கீழ சின்ன எழுத்துலயாவது, இது கடைத் தீனி திங்காதுன்னு ஒரு வரி போட்டுருங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தர்மபுரி