பூட்டு சாவி உதாரணம் பத்தாது சார்

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை அறிவியல் பக்கத்துல ஜீன் பத்தி வந்த கட்டுரைய இங்க காரைக்குடில என்கிட்ட டியூசன் படிக்கிற பிள்ளைக எல்லாம் விரும்பிப் படிச்சாக, நல்லாத்தான் எழுதிருக்காக, ஆனா புரோட்டீன் போயி புரோமோட்டர்ல (ஜீன் வேலைய ஆரம்பிச்சு வைக்கிற டிஎன்ஏ பகுதி) ஒட்டுறத பூட்டு சாவி மாதிரின்னு ரெண்டே வரில முடிச்சுட்டீங்களே. எங்க ஊரு பெரிய வீட்டுக் கதவுல எம்புட்டுப் பெரிய சாவிய விட்டுத் திருகுனாலும் பூட்டு வளையாதுங்க. இங்க டிஎன்ஏவே வளையுது! டிபிபின்னு ஒரு புரோட்டீன், புரோமோட்டர்ல டாட்டா பாக்ஸ்ங்கிற எழுத்து வரிசைல, டிஎன்ஏ முறுக்குல இருக்குற சின்னப் பள்ளம் (மைனர் குரூவ்) பக்கமா உக்காந்து, தன்னோட ஃபினைல்அலனைன் அமினோ அமிலங்கள பேஸ் ஜோடிகளுக்கு (டிஎன்ஏவோட எழுத்து ஜோடிகளுக்கு) நடுவுல செருகி, கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு மடக்கிப்புடுது. டிஎன்ஏல ஒட்டுற மத்த புரோட்டீன்ல முக்காவாசி பெரிய பள்ளம் (மேஜர் குரூவ்) வழியாத்தான் எழுத்த படிக்கும்.

அப்பறம் சார்ஜ் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல. டிஎன்ஏ பாஸ்பேட் நெகட்டிவ், புரோட்டீன்ல இருக்குற லைசின் ஆர்ஜினின் அமினோ அமிலங்க பாசிட்டிவ், அதான் இழுக்குது, லேப்ல உப்பு கூட்டுனா பிடி தளர்றதும் அதனாலதான் (பிளஸ் டூ பிள்ளைகளுக்கே இது புரியும்). துத்தநாகத்தப் பிடிச்சு விரல் மாதிரி மடிஞ்சிருக்குற ஜிங்க் ஃபிங்கர் புரோட்டீன்ல அந்தத் துத்தநாகத்த உருவிட்டா மடிப்பே கலைஞ்சு போயிரும், அப்பறம் எங்க ஒட்டுறது.

பிரெஞ்சு விஞ்ஞானிக ஜேக்கப், மோனோ 1961லயே ஜீன்கள ரெப்ரசர் (ஜீன அடக்கி வைக்கிற மூலக்கூறு) கட்டுப்படுத்துதுன்னு எழுதிட்டாக, 1965ல நோபலும் வாங்கிட்டாக. அடுத்த வாரம் அரைப் பக்கமாவது ஒதுக்கி, ஒரு படத்தோட போடுங்க சார்.

இப்படிக்கு,
டியூசன் வாத்தியார், காரைக்குடி