தேவனுக்காகவும் பொய் வேண்டாம், மகளே

அன்புள்ள ஜெனிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். போனில் பேசினால் நடுவில் அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள், அதனால்தான் எழுதுகிறேன். நீ இரண்டு காரியம் கேட்டிருந்தாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா போட்ட செய்தியை நானும் பார்த்தேன். வேதத்தில் சொல்லியிருக்கிறபடி யோசுவா காலத்தில் சூரியன் நின்றதை நாசா கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துவிட்டதாம், கணக்கில் ஒரு நாள் குறைந்ததாம். 'இதற்கு ஆதாரம் என்ன பெரியம்மா' என்று நீ கேட்டாய். 'வெளியூர் போனதும் விசுவாசம் குறைந்துபோச்சு' என்று பதில் வந்தது. அதில்தான் மனம் ஒடிந்திருக்கிறாய்.

நீ கேட்டது சரி. இப்படி ஒரு நாள் குறைகிறது என்று 1890-லேயே அமெரிக்காவில் சார்லஸ் டாட்டன் என்பவர் எழுதியிருக்கிறார். நாசா ஆரம்பித்ததே 1958-ல். பழைய கதையோடு யாரோ பிற்பாடு கம்ப்யூட்டரைச் சேர்த்துவிட்டார்கள். நாசா அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவும் வழியில்லை. இன்றைக்குக் கோள்கள் இருக்கும் இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், நடுவில் ஒரு நாள் நின்றதா என்பது அதில் தெரியாது. அன்றைக்கே யாராவது வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். யோசுவா பத்தாம் அதிகாரத்தை நான் விசுவாசத்தோடுதான் வாசிக்கிறேன். அதற்கு நாசாவின் பொய்க் கையெழுத்து எனக்கு வேண்டாம்.

யோபு 13:7-ஐ எடுத்து வாசித்துப் பார். "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" யோபு இதைத் தன் சிநேகிதர்களிடம் கேட்கிறார். அவர்கள் தேவனுடைய பக்கம் நின்றுதான் பேசினார்கள். ஆனாலும் கடைசியில் அவருடைய கோபம் அவர்கள் மேல்தான் மூண்டது. நம் சபைகளில் இதைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அரிது. சுவிசேஷத்துக்கு உதவுகிறது என்றால் எந்தச் செய்தியையும் விசாரிக்காமல் அனுப்பலாம் என்று நல்ல ஜனங்களே நினைக்கிறார்கள். அடுத்த மதத்தாரைப் பற்றிய அவதூறையும் அப்படியே அனுப்புகிறார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையில் பிறன் என்றால் நம் சபையார் மட்டும் இல்லையே.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை நினைத்துக்கொள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினவர், தமிழரிடமே கேட்டு, அவர்களுடைய ஏடுகளைப் படித்து, தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். புறமதத்தை ஒழிக்கப் போனவர்கள் அதைப் பரப்புவதா என்று அங்கே அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. தான் மாற்ற வந்த ஜனங்களைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று அவருக்கு இருந்தது பார், அது எனக்குப் பெரிய காரியம்.

கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் கலங்காதே. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள், அதற்காகத்தான் அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. என் உத்தியோகமும் இதைத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கடைக்காரர்களின் எடைக்கற்களைச் சோதிக்கும் முத்திரை ஆய்வாளராகச் சந்தைக்குப் போனால், இரும்புப் படிக்கல்லைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பேன். அடியில் குழி, குழிக்குள் ஈயம், ஈயத்தின் மேல் எங்கள் முத்திரை. சில கல்லில் முத்திரை அழகாக இருக்கும், ஓரத்தில் மட்டும் ஈயத்தைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். ஆனால் கடைக்காரர் கல்லை மட்டும் சோதித்தால் போதாது. நான் கொண்டுபோகும் கற்களையும் வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்து, அதைவிட நுட்பமான கற்களோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். அந்தக் கற்களுக்கும் மேலே சோதனை உண்டு, டெல்லி வரைக்கும் போகும். என் பெட்டியில் இருக்கிறதென்பதற்காக என் கல்லைச் சோதிக்காமல் விட்டதில்லை. விசுவாசத்தையும் நான் அப்படித்தான் வைத்துக்கொள்ள முயற்சி செய்கிறேன்.

பெரியம்மாவிடம் குழுவில் வாதம் பண்ணாதே. தனியாகப் போன் போட்டுப் பேசு. உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள்.

இனி உன் மருந்துக் கம்பெனி ஆபீஸ் விஷயம். ஆடிட் வருகிறது, போன வாரம் யாரும் பார்க்காத நாட்களுக்கும் வெப்பநிலைப் பதிவேட்டில் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போடு என்று உன் டீம் லீடர் சொல்கிறார். எப்படியும் 25 டிகிரிதான் இருந்திருக்கும், எல்லாரும் செய்வதுதான் என்கிறார். இருந்திருக்கலாம். ஆனால் நீ பார்க்கவில்லையே. பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டால் அது பொய்ச்சாட்சி.

சின்னக் கட்டம்தானே என்று நினைக்காதே. 2022-ல் காம்பியாவில் அறுபதுக்கும் மேற்பட்ட சின்னப் பிள்ளைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். அவர்கள் குடித்த, நம் நாட்டிலிருந்து போன சிரப்களில் டை எத்திலின் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்துப் பாட்டிலை வாங்கும் தாய்க்கு அதைச் சோதிக்க வழியே கிடையாது. யாரோ ஒருவர் உண்மையாகப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்ற நம்பிக்கையில் பிள்ளையின் வாயில் ஊற்றுகிறாள். அந்த யாரோ ஒருவர் நீதான், ஜெனி.

அந்தக் கட்டங்களில் நம்பர் எழுதாதே. 'ரீடிங் எடுக்கப்படவில்லை' என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போடு. இதை டீவியேஷனாக, அதாவது நடைமுறை தவறியதாகப் பதிய வேண்டும் என்று நீயே மெயில் அனுப்பு. சண்டை போடாதே, அவரை எல்லார் முன்னாலும் குற்றவாளியாக்காதே. அவருக்கும் மேலே ஒருவர் நெருக்குவார். ஆனால் கையெழுத்து உன்னுடையது, அதை யாருக்கும் கடனாகக் கொடுக்காதே.

வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறாய். போகலாம். உண்மையாக இருந்தால் உயர்வு நிச்சயம் என்று சாட்சிக் கூட்டத்தில் சொல்வதுபோல் நான் சொல்ல மாட்டேன். பொய் அனுபவச் சான்றிதழ் வைத்து வேலை வாங்கிவிட்டு, கர்த்தர் கதவைத் திறந்தார் என்று ஸ்தோத்திரக் காணிக்கை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறாதவனைப் பற்றித்தான் பதினைந்தாம் சங்கீதம் பேசுகிறது. நஷ்டம் வராது என்று அதில் எங்கேயும் இல்லை.

பிள்ளைகள் வெளியே பொய் சொல்வதற்குப் பாதிக் காரணம் வீட்டின் எதிர்பார்ப்புதான் என்பது என் எண்ணம். அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடன் தவணை என் பென்ஷனில் ஓடும். தம்பி படிப்புக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஊரில் யாராவது 'மகள் ஏன் வேலையை விட்டாள்' என்று கேட்டால், காரணத்தை நானே சொல்லுவேன்.

மெயில் அனுப்பிய பிறகு அதன் நகலை உன்னிடம் வைத்துக்கொள். சனிக்கிழமை கூப்பிடு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு யோசிப்போம்.

இப்படிக்கு,
அப்பா
பாளையங்கோட்டை