ஐஜிஜி ரிப்போர்ட்டை வைத்து யாரையும் சந்தேகப்படாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி பதிலில் ஒரு பெண், தனக்கு ரத்தப் பரிசோதனையில் ஹெர்பிஸ் (உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம் வரவைக்கும் வைரஸ்) ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருப்பதாகவும், அதிலிருந்து கணவர் தன்னைச் சந்தேகப்படுவதாகவும் எழுதியிருந்தார். மருந்து, சுத்தம், ஆணுறை எல்லாம் பதிலில் இருந்தது, அந்தச் சந்தேகம் சரியா என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது தாங்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பல வருஷம் லேப்பில் வேலை பார்த்தவள் நான். ஐஜிஜி என்பது ஒரு கிருமியை எதிர்க்க நம் உடம்பு எப்போதோ உண்டாக்கி வைத்த புரதம், அவ்வளவுதான். கிருமி எந்த வருஷம் வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடம்பில் எங்கே இருக்கிறது என்று எதையும் அது சொல்லாது. ஹெர்பிஸ் முதல் வகை, உலகத்தில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலானவர்களுக்கு அது சின்ன வயதிலேயே, வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சி முத்தம் கொடுக்கும்போது எச்சில் வழியாக வந்துவிடுகிறது, உதட்டோரம் எப்போதாவது கொப்புளம் வரும், பலருக்கு அதுவும் வராது. சரி, இரண்டாம் வகை என்றால்? அது உடலுறவில் பரவுவதுதான், ஆனால் வருஷக்கணக்கில் ஓர் அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடியது, தம்பதியில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அந்தக் காகிதத்தை வைத்துச் சொல்லவே முடியாது. போதாததற்கு, இரண்டாம் வகைப் பரிசோதனையில் எண் கொஞ்சமாக எல்லை தாண்டியிருந்தால் அது தப்பான பாசிட்டிவாகவும் இருக்கலாம், வேறு முறையில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது. அதைச் செய்யச் சொல்லிவிட்டு விளக்கம் சொல்லாமல் அனுப்புகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஹெர்பிஸ் என்றாலே ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுகிறோம். சின்னம்மையும் அக்கியும் இதே குடும்பத்து வைரஸ் ஒன்றால்தான் வருகின்றன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் குடும்பத்து வைரஸ் எதுவானாலும் உள்ளே வந்தால் பிறகு போவதில்லை. உதட்டுக் கொப்புளம் ஆறியதும் கிருமி நரம்பு முடிச்சுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும், காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மன உளைச்சல் என்று ஏதாவது ஒன்று வந்தால் திரும்பத் தலைகாட்டும். சின்னம்மை வைரஸும் அப்படித்தான் பல வருஷம் அடங்கிக் கிடந்து, வயதான பிறகு அக்கியாக வெளியே வரும்.

வெட்கத்தினால் வருகிற உண்மையான ஆபத்து தாமதம். அக்கிக்கு மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், மேலே களிம்பு தடவிக்கொண்டிருந்தால் போதாது. உதட்டுக் கொப்புளத்துக்கு வாங்கி மீந்த அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தானாகப் போட்டுக்கொள்வதும் சரியில்லை, அக்கிக்கு அளவு வேறு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கிக் கொப்புளம் வந்தால் அது கண்ணையும் தாக்கலாம், அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். அப்புறம், கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடுகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள், சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸாக இருந்தால் அந்தச் சொட்டு கருவிழிப் புண்ணை இன்னும் பரவ விட்டுவிடும்.

அபூர்வம்தான் என்றாலும் ஹெர்பிஸ் முதல் வகை மூளையையும் தாக்கும். காய்ச்சலோடு ஒருவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, குணம் மாறினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்கக் கூடாது. மருந்து இல்லாத காலத்தில் இதில் சுமார் 70 சதவீதம் பேர் இறந்தார்கள், இன்று சீக்கிரம் ஊசி ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களைக் காப்பாற்ற முடிகிறது. பச்சைக் குழந்தை விஷயமும் அப்படித்தான். உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் பிறந்த குழந்தையை முத்தமிடவே கூடாது, அந்த வயதில் அது உயிருக்கே ஆபத்து. இதைச் சொன்னால் உறவினர் கோபித்துக்கொள்வார்கள் என்று தாய்மார்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், பரவாயில்லை, கோபித்துக்கொள்ளட்டும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, எப்ஸ்டீன் பார் வைரஸ். 1964இல் கண்டுபிடித்தார்கள், பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கிறது. 2022இல் வந்த அமெரிக்க ராணுவத்தினர் பற்றிய ஆய்வு, இது தொற்றிய பிறகு, மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாகக் காட்டியது. இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம், வைரஸ் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை.

உதடு, பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. சின்னம்மைக்கு இருக்கிறது. அக்கிக்கும் இருக்கிறது, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு தவணை, இடைவெளி இரண்டிலிருந்து ஆறு மாதம். அக்கி ஏற்கெனவே வந்து போனவர்களும் போட்டுக்கொள்ளலாம், கொப்புளம் முழுக்க ஆறியதும் எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி