வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்காமலே விற்ற பேட்டரி: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: ஆம்னி வேன் உரிமையாளர், ராயபுரம், சென்னை
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: 2009 மாடல் வேனுக்குத் தேவையில்லாமல் பேட்டரி மாற்றியது

ஐயா,

காசிமேட்டில் மீன் எடுத்து வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்து மெஸ்களுக்குக் கொடுப்பது என் தொழில். சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) எடுக்கவில்லை. ஹெட்லைட் மட்டும் மங்காமல் எரிந்தது. உங்கள் பேட்டரி சர்வீஸுக்குப் போன் செய்தபோதே இதை உங்கள் ஆளிடம் சொன்னேன்.

வந்தவர் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. தன் பேட்டரியின் சிவப்பு கிளிப்பை என் பேட்டரியிலும், கறுப்பு கிளிப்பை நேராக எஞ்சினிலும் மாட்டினார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. "பேட்டரி செத்துடுச்சு சார்" என்றார். பதினான்கு மாதமே ஆன பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, புதியதை மாட்டி 4,350 ரூபாய்க்கு பில் போட்டார். ஏலத்துக்கு நேரமாகிவிட்டதால் நானும் கொடுத்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலையில் மறுபடி அதே 'டக்'.

தெருமுனை எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பார்த்தார். புது பேட்டரி 12.6 வோல்ட், முழு சார்ஜ். அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாத இடம், 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சீட்டைத் தூக்கி, பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயரைக் கழற்றினோம். போல்ட்டுக்கு அடியில் பச்சையாகப் பொடி பூத்துக் கிடந்தது. கடல்காற்றும் மீன்பெட்டித் தண்ணீரும் படுகிற வண்டி, உப்பு பிடிக்கத்தானே செய்யும்? உப்புத்தாளால் தேய்த்து வேறு எர்த் வயர் மாட்டினார். வயரும் கூலியும் சேர்த்து 350 ரூபாய். அன்றிலிருந்து ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது.

உங்கள் ஆள் கறுப்பு கிளிப்பை எஞ்சினில் மாட்டியதால், கெட்டுப்போன எர்த் வயரைத் தொடாமல் அந்த கிளிப் வழியாகவே கரண்ட் போயிருக்கிறது. அதைப் பார்த்து பேட்டரி மேல் பழி போட்டுவிட்டார். பேட்டரியில் சார்ஜ் இல்லையென்றால் செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் சோர்ந்திருக்கும். என் வண்டியில் அப்படி இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை ஐயா, அதைச் செய்யாததால் ஒரு வார வருமானம் எனக்குப் போச்சு.

புது பேட்டரியை எடுத்துக்கொண்டு 4,350 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். என் பழைய பேட்டரி இன்னும் இருந்தால் அதுவும் வேண்டும், இல்லையென்றால் அதற்கான விலை. பில் நகல் இணைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர்