பிரபு சொன்ன காயின் பற்றி மல்லிகாவுக்கு

மதுரை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அதோடு நீ பிரிண்ட் எடுத்து வைத்திருந்த அந்தக் காயின் அறிக்கையும் வந்தது. ராதா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பகல் முழுக்க வீட்டில் ஆள் நடமாட்டம் என்பதால் ராத்திரியில்தான் உட்கார்ந்து படிக்க முடிந்தது, பதிலும் தாமதமாகிவிட்டது. இவருக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானம் வரை நடந்துவிட்டு வருகிறார். நீ கேட்ட முழங்கால் தைலத்தை மாப்பிள்ளை வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டையர்மென்ட் பணத்தில் மூன்று லட்சத்தை எடுத்து, பிரபு சொன்ன புதுக் கிரிப்டோ காயினின் ப்ரீசேலில், அதாவது காயின் வெளிவருமுன்பே நடக்கும் விற்பனையில், போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடாதே. ஏன் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீ கணக்கு டீச்சர், உனக்குக் காரணம் சொல்லாமல் விடை மட்டும் சொன்னால் ஏற்க மாட்டாய்.

பிரபு நல்ல பிள்ளை. அவன் உன்னை ஏமாற்றப் பார்க்கிறான் என்று நான் நினைக்கவே இல்லை. "சித்தி, நானே என் பணத்தைப் போட்டிருக்கேன்" என்றானாமே, அது நிஜமாகத்தான் இருக்கும். எனக்குக் கவலை தருவதும் அதுதான். தொண்ணூறுகளில் நான் பேங்க் கவுன்ட்டரில் இருந்தபோது, 24 சதவீத வட்டி தருகிறார்கள் என்று ஃபைனான்ஸ் கம்பெனிகளில் போடுவதற்காக எஃப்.டி.யை உடைக்க வருவார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டால், விளம்பரம் பார்த்தேன் என்று யாரும் சொன்னதில்லை. மச்சினன் போட்டிருக்கிறார், எங்கள் ஹெட்மாஸ்டர் போட்டிருக்கிறார் என்பார்கள். அந்தக் கம்பெனிகள் வரிசையாக விழுந்த பிறகு 1997இல் தமிழ்நாட்டில் டெபாசிட்தாரர்களைக் காப்பதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, போட்ட பணம் பலருக்கு வரவில்லை.

காயின் உலகத்திலும் இதே வழிதான். பல்கேரியாவில் 2014இல் ருஜா இக்னடோவா என்ற பெண் ஒன்காயின் என்று ஒன்றை ஆரம்பித்தார். லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் மேடையேறிப் பேசினார். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் என்பதால், சொந்தக்காரர், சர்ச்சில் கூட வருபவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று உலகம் முழுக்கப் பரவியது. நவி மும்பையில் 2017இல் கூட்டம் போட்டு ஆள் சேர்த்தவர்களைப் போலீஸ் கைது செய்தது. அந்தக் காயினுக்குப் பின்னால் யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பிளாக்செயினே, அதாவது கொடுக்கல் வாங்கல் எல்லாம் பதிவாகும் பொதுப் பேரேடே, இருக்கவில்லை. அவர்கள் திரையில் காட்டிய எண்தான் விலை. 2017 அக்டோபரில் சோஃபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறிய ருஜா அதோடு மறைந்தார். 2022இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அவரைத் தேடப்படும் முதல் பத்துப் பேரில் சேர்த்தது. போன பணம் 400 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள். ஒவ்வொருவரும் நம்பியது தன்னிடம் வந்து சொன்ன ஆளை. அந்த ஆளும் அப்படியே இன்னொருவரை நம்பியவர்.

பிரபு அனுப்பிய அறிக்கையில், நிறுவனர்கள் பெயர், படம், படித்த காலேஜ் எல்லாம் போட்டிருக்கிறார்களே, மறைந்திருந்து செய்யவில்லையே என்று எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. ஆனால் டோ குவோனுக்கும் பெயர், முகம், ஸ்டான்ஃபோர்ட் பட்டம் எல்லாம் இருந்தன. அவருடைய டெர்ரா காயின் எப்போதும் ஒரு டாலருக்குச் சமமாக நிற்கும் என்றார்கள். அதைப் போட்டு வைத்தால் வருஷத்துக்கு 19.5 சதவீதம் வட்டி. 2022 மே மாதம் சில நாட்களில் அதுவும் அதைத் தாங்கி நின்ற லூனா என்ற இன்னொரு காயினும் சரிந்து, 4,000 கோடி டாலர் மதிப்பு காணாமல் போனது. மான்டிநீக்ரோவில் பிடிபட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட அவர், 2025 ஆகஸ்ட்டில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இன்னொரு பக்கம் பிட்காயினைப் பார். 2009 ஜனவரியில் அதைத் தொடங்கிய சடோஷி யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. ஆனால் மொத்தம் 2.1 கோடிக்கு மேல் வராது என்ற விதியை எவரும் படித்துப் பார்க்கலாம். தொடங்கியவர் திரும்பி வந்து நினைத்தாலும் அதைத் தனியாக மாற்ற முடியாது. அதன் விலை ஏறுமா இறங்குமா என்பது வேறு விஷயம், அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஆரம்பித்தவர் கெட்டவராக மாறினால் அவரால் என்ன செய்ய முடியும்? பேங்க் இன்ஸ்பெக்‌ஷனில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். மேனேஜர் யோக்கியரா என்று விசாரிக்காதே, பெட்டகத்தின் இரண்டு சாவியும் ஒருவர் கையில் இருக்கிறதா என்று பார்.

புதுக் காயினில் அந்தச் சாவிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்கிறேன். எதீரியம், சொலானா போன்ற பிளாக்செயின்களில் ஒரு காயினை உருவாக்கச் சில நிமிஷம் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதை வாங்க விற்க ஒரு பொதுக் கல்லா வைப்பார்கள், லிக்விடிட்டி பூல் என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் புதுக் காயின், இன்னொரு பக்கம் எதீர் மாதிரி பெயர்பெற்ற காயின். நீ வாங்கினால் உன் பணம் அந்தக் கல்லாவுக்குள் போகும். விற்றால் அதிலிருந்துதான் வரும். கல்லாவை உருவாக்கியவர் பூட்டி வைக்கவில்லை என்றால், ஒரு ராத்திரியில் மறுபக்கத்தை வழித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். உன் கையில் காயின் அப்படியே இருக்கும், கொடுத்து வாங்க எதிரே ஒன்றும் இருக்காது.

அதைவிட மோசமானதும் உண்டு. 2021 அக்டோபரில் ஒரு கொரியத் தொடரின் புகழை வைத்து ஸ்க்விட் என்று ஒரு காயின் வந்தது. தொடரை எடுத்தவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு சென்ட்டில் ஆரம்பித்து, நவம்பர் 1ஆம் தேதி 2,861 டாலர் வரை ஏறியது. ஏறாமல் என்ன செய்யும், வாங்கியவர்களால் விற்க முடியாதபடி செய்திருந்தார்கள். வாங்குபவர் மட்டுமே இருக்கும் சந்தையில் விலை மேலேதான் போகும். அன்றைக்கே சில நிமிஷங்களில் அது சுழியத்துக்கு வந்தது. உருவாக்கியவர்கள் 33 லட்சம் டாலரோடு மறைந்தார்கள். விலை ஏறுவதை நம்பிக்கைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே என்று உனக்குச் சொல்வது இதனால்தான்.

‘சந்தை மதிப்பு’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார். 100 கோடிக் காயின் அச்சிட்டு, அதில் ஒரு லட்சத்தை மட்டும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பத்து ரூபாய்க்கு விற்றால், உள்ளே வந்த பணம் பத்து லட்சம். ஆனால் மதிப்பு 1,000 கோடி என்று எழுதலாம். மீதியெல்லாம் உருவாக்கியவர் கையில். அவர் விற்க ஆரம்பித்தால் விலை எங்கே நிற்கும்?

இது நடந்தும் இருக்கிறது. 2025 பிப்ரவரி 14 அன்று அர்ஜென்டினாவின் ஜனாதிபதி ஹாவியேர் மிலேய், லிப்ரா என்ற காயினைப் பற்றித் தன் எக்ஸ் பக்கத்தில் போட்டார். சிறு தொழில்களுக்கு உதவும் என்றார். சில மணி நேரத்தில் மதிப்பு 400 கோடி டாலரைத் தாண்டியது. அதே வேகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. உருவாக்கியவர்களோடு தொடர்புடைய கணக்குகளிலிருந்து ஏறக்குறைய 10 கோடி டாலர் வெளியே போயிருந்தது. மிலேய் பதிவை நீக்கிவிட்டு, விவரம் தெரியாமல் போட்டதாகச் சொன்னார். ஒரு நாட்டின் ஜனாதிபதி சொல்லே இந்த மதிப்புக்குத்தான் ஆனது. பிரபுவின் டெலிகிராம் குழுவில் பேசும் யூடியூப் பிரபலத்தின் சொல் எந்த மூலைக்கு?

கம்பெனி முதல்முறையாகப் பங்கு விற்கும் ஷேர் ஐ.பி.ஓ.வும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்டிருந்தாய். ஒன்றில்லை. ஐ.பி.ஓ.வில் கம்பெனி தன் கணக்கு வழக்கு, வழக்கு வியாஜ்ஜியம் எல்லாவற்றையும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். புரமோட்டர்கள் குறைந்தது 20 சதவீதப் பங்கைப் பொதுவாக 18 மாதம் விற்க முடியாது. நீ விண்ணப்பித்தாலும் பங்கு ஒதுக்கும்வரை பணம் உன் பேங்க் கணக்கிலேயே நிற்கும், வட்டியும் ஓடும். அதிலும் நஷ்டம் வரும், நிறைய வரும். ஆனால் சாவிகள் பல கைகளில் இருக்கின்றன. ப்ரீசேலில் நீ முதலில் பணத்தை அனுப்புகிறாய், காயின் பிறகு வரும் என்கிறார்கள். நடுவில் யாரும் இல்லை.

எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. எதீரியமே 2014இல் இப்படி முன்கூட்டி விற்றுத்தான் பிறந்தது. ஆனால் என்ன விலைக்கு விற்கிறோம், ஆரம்பித்தவர்களுக்கும் அறக்கட்டளைக்கும் எவ்வளவு என்று முன்பே சொன்னார்கள், கம்ப்யூட்டர் நிரலை எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்தார்கள். அப்படி வந்த ஒன்றைப் பார்த்து 2017இல் நூற்றுக்கணக்கில் கிளம்பின. பெரும்பாலானவை இன்று இல்லை. அந்தச் சமயத்தில் நம் செபி மாதிரி அமெரிக்காவில் இருக்கும் எஸ்.இ.சி. ஒரு காரியம் செய்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 2018 மே மாதம் ஹவிகாயின்ஸ் என்று அவர்களே ஒரு பொய்க் காயின் தளத்தை உருவாக்கினார்கள். அழகான அறிக்கை, பிரபலங்களின் பாராட்டு, சீக்கிரம் வாங்கினால் தள்ளுபடி, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் எல்லாம் வைத்தார்கள். வாங்கு என்று அழுத்தினால், இப்படித்தான் ஏமாற்றுவார்கள் என்று விளக்கும் பக்கம் திறக்கும். நீ அனுப்பிய அறிக்கையைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. தள்ளுபடியும் கடிகாரமும் இதிலும் இருக்கின்றன. மொத்தக் காயினில் எத்தனை யார் கையில் என்பது மட்டும் ஒரு வட்டப் படத்தில் ‘டீம் மற்றும் வளர்ச்சி’ என்று ஒரே துண்டாகப் போய்விட்டது. அந்தத் துண்டுதான் பாதிக்கு மேல்.

அரசாங்கம் வரி வாங்குகிறதே, அப்படியென்றால் அனுமதி உண்டுதானே என்று பிரபு சொன்னதாக எழுதியிருக்கிறாய். 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது ஒரு சதவீத டி.டி.எஸ்., நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க முடியாது. வரி வாங்குவதால் அந்தக் காயினை யாரோ சோதித்துப் பார்த்தார்கள் என்று ஆகாது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோ ஒரு சொத்து என்று சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பிடிமானம். ஆனால் கல்லா காலியான காயின் உன் சொத்துதான் என்று தீர்ப்பு வந்து என்ன பயன்?

பிரபுவிடம் கோபப்படாதே, சந்தேகப்படுகிறாயா சித்தி என்று வருத்தப்படுவான். நிதானமாகக் கேள். காயினின் கான்ட்ராக்ட் முகவரி, அதாவது பிளாக்செயினில் அதற்கு இருக்கும் அடையாள எண், எது? முதல் பத்துக் கணக்குகளின் கையில் எத்தனை சதவீதம்? இதை யார் வேண்டுமானாலும் பிளாக் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையதளத்தில் பார்க்கலாம், அவன் ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருவான். கல்லா பூட்டியிருக்கிறதா, எந்தத் தேதிவரை? புதிதாகக் காயின் அச்சிடும் உரிமையை விட்டுவிட்டார்களா, இன்னும் வைத்திருக்கிறார்களா? காயினின் நிரலுக்குத் தணிக்கை அறிக்கை இருக்கிறது என்றால் முதல் பக்கத்து முத்திரையோடு நிறுத்தாமல் உள்ளே படிக்கச் சொல். உரிமையாளர் கையில் அதிகாரம் குவிந்திருக்கிறது என்று தணிக்கை செய்தவர்களே பல அறிக்கைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்விகளை அந்த டெலிகிராம் குழுவில் அவனையே கேட்கச் சொல். பதில் தருகிறார்களா, பயம் பரப்புகிறான் என்று அவனைத் தூக்கிவிடுகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதை எழுதத்தான் ராத்திரி முழித்திருந்தேன். உங்கள் மகளிர் குழுப் பெண்களும் சேர விரும்புகிறார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாயே. உன் மூன்று லட்சம் போனால் உனக்குப் பென்ஷன் இருக்கிறது. பூக்கட்டிச் சேர்த்த சாந்திக்கும் செல்விக்கும் அது இல்லை. அவர்கள் அந்த அறிக்கையில் ஒரு வரி படிக்கப் போவதில்லை. மல்லிகா டீச்சர் போட்டிருக்கிறார் என்றுதான் போடுவார்கள். சேர்த்துவிடும் ஆளுக்கு இத்தனை சதவீதம் ரெஃபரல் கமிஷன் உண்டு என்று பிரபு சொன்னால் அதைக் காதிலேயே வாங்காதே. உன்னிடம் படித்த பிள்ளைகள் உன் பெயரை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலேயே நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரபுவோடு நானே பேசுகிறேன், அவன் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பு. அவன் பதில்களோடு வரட்டும், உட்கார்ந்து சேர்ந்தே பார்க்கலாம். அதுவரை மகளிர் குழுவின் பணத்தை இருக்கும் கணக்கிலிருந்து எடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே சாந்தியிடம் சொல்லிவிடு.

கோமதி மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்திருக்கிறது, ஆவணியில் என்றாள். உனக்கும் பத்திரிகை வரும். நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
விசாலாட்சி