சேசிஸை வெட்டி நீட்டாதீர்கள்: தோட்ட ஜீப் உரிமையாளர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கம்பம், போடி வட்டாரத்து ஜீப் உரிமையாளர்களுக்கும் பட்டறை நடத்தும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

விடியுமுன் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் அடியில் முப்பது ஆண்டுகள் படுத்து வேலை பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை வெட்டி நீட்டிப் பின்னால் இன்னொரு வரிசை இருக்கை போடும் வழக்கத்தை நாம் நிறுத்த வேண்டும். தொடக்க காலத்தில் என் பட்டறையிலும் இந்த வேலை நடந்ததால்தான் 'நாம்' என்கிறேன். அப்படி நீட்டிய வண்டி ஒன்று இரண்டே ஆண்டில் விரிசலோடு திரும்பி வந்த நாள்முதல் அந்த வேலையை நான் ஏற்கவில்லை.

அந்த விரிசல் வெல்டிங்கில் விழவில்லை. அதையொட்டி, நாங்கள் உறுதிக்காக வைத்து ஒட்டிய இரும்புப் பட்டை முடியும் ஓரத்தில் விழுந்திருந்தது. வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மை மாறிவிடுகிறது. கனமான பட்டை சதுரமாக வெட்டி முடிக்கப்பட்ட இடத்தில், ஒவ்வொரு பள்ளத்திலும் சேசிஸ் வளையும் வளைவு முழுவதும் அந்த ஒரு கோட்டில் வந்து குவிகிறது. இன்னும் தடித்த பட்டை வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் விரிசலை இடம் மாற்றுகிறார்களே தவிர நிறுத்துவதில்லை.

பின் அச்சுக்கு அப்பால் மட்டும் நீட்டுவது ஆபத்தில்லை என்று பலர் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். என் கணக்கில் அதுவே ஆகக் கொடியது. மஹிந்திரா எம்.எம்.540 ஜீப்பின் இரு அச்சுகளுக்கும் இடையே 91 அங்குலம், அதாவது சுமார் 2.3 மீட்டர். பின் அச்சிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி, ஆளுக்கு 60 கிலோ வீதம் ஆறு பேர் உட்கார்ந்தால் மொத்தம் 360 கிலோ; ஆனால் பின் அச்சின் மேல் ஏறுவது 500 கிலோ, ஏனெனில் முன் அச்சிலிருந்து 140 கிலோ தூக்கப்பட்டுவிடுகிறது. இது சமதளக் கணக்கு. ஏற்றத்தில், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில், பாரம் மேலும் பின்னுக்குச் சாயும்போது முன் சக்கரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்க வேண்டிய அழுத்தத்தையே இழந்து நிற்கிறது.

இரு அச்சுகளுக்கு நடுவே நீட்டினால், இன்ஜின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டான பின் ஜாயிண்டும் நீள்கிறது. நீளம் கூடக் கூட, அது அதிரத் தொடங்கும் வேகம் வெகுவாகக் குறைகிறது. பிரேக் குழாய்க்கு ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது, வண்டி திரும்பக் கூடுதல் இடம் கேட்கிறது, தோட்டத்து மண்பாதை மேட்டில் வயிறு தட்டுகிறது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆயினும் நான் அஞ்சுவது அபராதத்துக்கு அல்ல. அந்தக் கடைசி வரிசையில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவோர் பெரும்பாலும் பெண்கள். தாங்கள் ஒரு ஒட்டின்மேல் உட்கார்ந்திருப்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது நடைக்கு டீசல் கட்டாது என்ற உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். அந்தச் செலவைத் தோட்ட முதலாளிகளிடம் நாம் சேர்ந்து கேட்போம். நீளமான வண்டிதான் வேண்டும் என்றால் கம்பெனியிலேயே நீளமாக வருவதை வாங்குவோம். ஏற்கெனவே நீட்டிய வண்டி வைத்திருப்போர் இந்த ஏலக்காய் எடுப்பு (அறுவடை) தொடங்குமுன் பின் வரிசையைக் கழற்றிவிடுங்கள். பட்டையின் நான்கு ஓரங்களிலும் பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்பைப் பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் சற்று நேரத்தில் எண்ணெய் கசிந்து சுண்ணாம்பின்மேல் கோடு தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜீப் மெக்கானிக்,
கம்பம் பள்ளத்தாக்கு