ஒரே ஒரு பக்கம் கேட்கிறோம்

சேலம் மாவட்டத்தின் அனைத்துக் கட்சி மாவட்டச் செயலாளர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு தொகுதிக்கு வேட்பாளரை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பது உங்களுக்கே வெளிச்சம். அதில் நான் தலையிடவில்லை. பிடித்தவர் யார், இதுவரை என்ன செய்தவர் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். போன வாரம், என்னிடம் மாலையில் பாடம் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நோட்டும் கையுமாக வந்து நின்றாள். தொகுதியில் முன்பு வென்ற ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுத வேண்டுமாம். பெயர், கட்சி, வென்ற ஆண்டு என்று மூன்று வரியில் பேனா நின்றுவிட்டது. அவள் அப்பா காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர், எதையும் தூக்கி எறியாத மனிதர். தகரப் பெட்டியில் கிடந்த தேர்தல் நோட்டீஸ்கள் மூன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

மூன்றும் மூன்று கட்சி. மடிப்பு கிழியாமல் திண்ணையில் விரித்தோம். மேலே தலைவர்கள், அதற்குக் கீழே நீங்கள், பிறகு ஒன்றியம், நகரம், கிளை. ஒன்றில் பதினான்கு முகங்கள் எண்ணினாள். வேட்பாளருக்கு "மண்ணின் மைந்தர், எளிமையின் சிகரம், மக்கள் தொண்டர்". அடுத்ததிலும் அதே மைந்தர், அதே சிகரம். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் பிசகில்லாமல் இருந்தன. அதைப் போடாவிட்டால் சட்டம் விடாது. வேட்பாளர் என்ன தொழில் பார்த்தார், எந்த ஊருக்காக எந்த அலுவலகப் படி ஏறினார் என்பதை நோட்டீஸில் போடச் சொல்லிச் சட்டம் இல்லை. ஆகவே அது இல்லை.

வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரம் இருக்கிறதே என்பீர்கள். அதையும் அச்செடுத்துப் பார்த்தோம். மனைவியிடம் எத்தனை கிராம் தங்கம், வங்கியில் எவ்வளவு, நிலம் எந்தச் சர்வே எண்ணில், வழக்கு உண்டா, படிப்பு என்ன என்று எல்லாம் இருக்கிறது. 2002-ல் உச்ச நீதிமன்றம் வாங்கிக் கொடுத்த உரிமை அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தங்கத்தின் எடையை வைத்து அந்தப் பிள்ளை நான்காவது வரியை எப்படி எழுதுவாள்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவருடைய தகுதியையும் சாதனையையும் எழுதி வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆக, வழக்கு இருந்தால்தான் ஒருவருடைய சாதனை என்னவென்று உங்கள் வாயால் கேட்க முடியும். வழக்கே இல்லாத பாவத்துக்கு மற்றவர்கள் வெறும் "மைந்தர்கள்".

ராஜாஜி 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானதைச் சொல்ல இன்றும் ஆள் இருக்கிறது. எடப்பாடி பழனிசாமி 1989-ல் முதன்முதலாகச் சட்டமன்றம் போனதிலிருந்து 2017-ல் முதலமைச்சரானது வரை டீக்கடையில் ஆண்டு தவறாமல் சொல்வார்கள். மலைக்காரர் சட்டமன்றம் போனால் மட்டும் கதை ஏன் பெயரோடு முடிகிறது? 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென்று இருப்பவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. சாதிச் சான்றிதழ் சரியாக இருந்தால் போதும், வேறொன்றும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டீர்களோ? 2013 இடைத்தேர்தலில் இந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அமைச்சர்கள் மேலே வந்தார்கள். அவ்வளவு கார் ஏறிய மலைக்கு ஒரு தாள் ஏறாதா?

கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், மன்னியுங்கள். மீண்டும் பணிவோடு கேட்கிறேன். அடுத்த முறை நோட்டீஸின் பின்பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, செய்த தொழில், வகித்த பதவி, பதவியில் செய்த வேலை. ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால், சட்டமன்றத்தில் மலைக்காக என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, தொகுதி நிதி எந்த ஊரில் எதற்குப் போனது. உரைநடையில் எழுதுங்கள், அடைமொழி வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளும் தமிழ் போதும்.

எல்லா வீட்டுக்கும் கொடுக்க முடியாது என்றால் ஏற்காடு பஸ் நிலையத்தில் ஒன்று, வாழப்பாடியில் ஒன்று ஒட்டுங்கள். பசைச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஏற்காடு தொகுதி வாக்காளன் ஒருவன்